நாக்கு நீட்டிய காளியும் ரோலிங் ஸ்டோன்ஸும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாட்டு ஒன்றுகூடக் கேட்காதவர்கள்கூட அந்தக் குழுவின் சின்னமான சிவப்பு உதட்டையும் வெளியே தொங்கும் நாக்கையும் டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அதை வரைந்தது அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்று இன்னும் பலர் சாதிப்பார்கள். 1971-இல் வந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் ஜிப் வைத்த அட்டை அவருடைய யோசனை, அதில்தான் இந்த நாக்கும் முதலில் வந்தது, அதனால் வந்த குழப்பம்.

உண்மையில் வரைந்தவர் ஜான் பாஷ், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர். 1970-இல் குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டியது யார் படம் தெரியுமா? நம்ம காளி! ஜாகருக்கு இந்தியத்தன்மையோடு ஏதாவது வேண்டும் என்று ஆசை. ஆனால் பாஷ் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வாயையும் நாக்கையும் மட்டும் பிடித்துக்கொண்டார். கறுத்த தொண்டை, நாக்கின் மேல் ஈரம் மாதிரி வெள்ளைப் பளபளப்பு, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்தப் பளபளப்பில்தான் திமிரே இருக்கிறது.

கூலி? 50 பவுண்டு. அப்புறம் 1972-இல் இன்னொரு 200 கொடுத்தார்களாம், சரி, பெரிய மனசுதான். அதே மூலப்படத்தை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2008-இல் 92,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது.