இரண்டு நொடி சோபா

ஜூன் 5, வெள்ளி

ஒன்பதாவது எபிசோட் முடிந்து அரை மணி நேரம் ஆகிறது, கோபம் தீரவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள், அதனால் தொடரின் பெயரும் வேண்டாம், பாத்திரங்களின் பெயரும் வேண்டாம். அவள் வக்கீல், அவன் நிருபர், அது போதும். இன்று வக்கீல் கல்யாணத்துக்குச் சரி சொல்லிவிட்டாள். எட்டு வாரமாகச் சண்டை போட்டே கதையை நகர்த்திய இரண்டு பேர், ஒரு மழைக் காட்சியில் சமாதானமாகிவிட்டார்கள். மழை வந்தாலே எனக்குச் சந்தேகம்தான். எழுதுகிறவருக்கு வசனம் வராதபோது மழை வருகிறது.

அக்கா ஃபோனில் ஒரே குதூகலம். முதல் வாரத்திலிருந்தே அவள் இந்த ஜோடியின் கட்சி. நான் வக்கீலின் ஜூனியர் பக்கம், அதாவது தோற்கிற கட்சி.

ஜூன் 7, ஞாயிறு

ஜோடியைச் சேர்த்து வைத்தால் தொடர் படுத்துவிடும் என்று அக்காவிடம் வாதாடினேன். சாட்சிக்கு மூன்லைட்டிங்கை இழுத்தேன். 1985இல் ஆரம்பித்த அமெரிக்கத் தொடர். புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் விடாமல் சண்டை போடுவார்கள், 1987இல் இருவரையும் சேர்த்து வைத்தார்கள், 1989இல் தொடரே முடிந்துபோனது. பார்த்தாயா என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால் என் சாட்சியே எனக்கு எதிராகத் திரும்புகிறது. அந்தச் சமயத்தில் ஷெப்பர்ட் கர்ப்பமாக இருந்தார், வில்லிஸ் சினிமாப் படப்பிடிப்புக்குப் போய்விட்டார், 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. சேர்ந்த ஜோடியை ஒரே அறையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. சேர்த்ததால் கெட்டதா, சேர்த்துவிட்டுக் கண்ணில் காட்டாமல் விட்டதால் கெட்டதா? இதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வெள்ளி

ஐயோ.

வக்கீலின் வழக்கில் வரும் சாட்சியின் பெயரைப் பத்திரிகைக்குக் கசியவிட்டது நிருபர்தான்! கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது! பார்க்கிறவர்கள் பாதிப் பேர், திடீர் திருப்பத்துக்காக அவன் குணத்தையே மாற்றிவிட்டார்கள் என்று கொதிக்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம், பொய் சொல்வானேன். அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

ஒரு பயமும் இருக்கிறது. ரசிகர்கள் சத்தம் போட்டால் சில தொடர்கள் பின்வாங்கிவிடும். டல்லாஸ் என்ற அமெரிக்கத் தொடரில் 1985இல் செத்துப்போன பாபி, 1986இல் முன்னாள் மனைவி குளியலறைக் கதவைத் திறந்தால் உள்ளே நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருப்பான். நடுவில் ஒளிபரப்பான ஒரு சீசன் முழுவதும் அவள் கண்ட கனவாம். வாராவாரம் உட்கார்ந்து பார்த்து, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று சண்டை போட்டவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இதில் வேடிக்கை, டல்லாஸிலிருந்து கிளைத்த நாட்ஸ் லாண்டிங்கில் பாபி செத்தவன் செத்தவனாகவே இருந்தான். அங்கே யாருக்கும் கனவு வரவில்லை.

ஜூன் 13, சனி

அக்காவே கூப்பிட்டாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். எடுத்ததும், "நாலாவது எபிசோடைப் போடு" என்றாள்.

ஜோடியின் கட்சிக்காரர்கள் கோயில் மாதிரி வைத்திருக்கிற காட்சி ஒன்று உண்டு. நிருபர் சோபாவில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறான், வக்கீல் நடந்துகொண்டே யாரிடமோ ஃபோனில் பேசுகிறாள், பேசி முடித்துக் களைத்துப்போய் சோபா ஓரத்தில் உட்கார வருகிறாள். அவன் கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி அவளுக்கு இடம் விடுகிறான். இரண்டே நொடி. காதல் என்றால் இதுதான் என்று அக்கா எத்தனை தடவை எனக்கு அனுப்பியிருக்கிறாள்! நான் ஒவ்வொரு தடவையும் கொட்டாவிப் படத்தைப் பதிலாக அனுப்பினேன்.

"அவன் தூங்கலடி" என்றாள் அக்கா. "தூங்குறவன் எப்படிக் காலை மடக்குவான்?"

அந்த ஃபோன் பேச்சில்தான் வக்கீல் சாட்சியின் பெயரைச் சொல்கிறாள். திரும்பப் போட்டுக் கேட்டேன், தெளிவாகவே சொல்கிறாள். நாங்கள் எல்லோரும் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது யார் காதிலும் விழவில்லை. ஆக, குணத்தை மாற்றவில்லை, ஆறு வாரத்துக்கு முன்பே கண்ணெதிரில் வைத்துவிட்டார்கள். எழுதியவர்களைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன், மழையைத் தவிர.

சரி, நீ தோற்றுவிட்டாய் என்றேன் அக்காவிடம்.

"எங்க தோத்தேன்? தூங்குற மாதிரி நடிக்கிறவன் காலை மடக்கினா மாட்டிக்குவான்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மடக்கினான்ல."

பதில் சொல்ல வரவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அதே இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் கால் பாதி மடங்கியிருக்கிறது, அவள் இன்னும் உட்காரவில்லை.