மொரிஸ் மைனரின் வால்வு கைடுகள்

றம்பொடையிலிருந்து புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மூன்றாம் கியரிலேயே வண்டியை நெடுந்தூரம் ஓடவிட்டு, இடையில் வரும் ஒரு சிறு மேட்டில் மறுபடியும் அழுத்தியதும் நீலப்புகை குபீரென்று கிளம்பினால், பிஸ்டன் ரிங்குகளைக் குறை சொல்லும் முன் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்களான வால்வு கைடுகளைச் சந்தேகிக்க வேண்டும். இறக்கத்தில் த்ரொட்டில் மூடியிருக்க என்ஜின் வேகமாகச் சுழல்வதால், எரிபொருள் கலந்த காற்று உள்ளே வரும் இன்லெட் பக்கத்தில் வெற்றிடம் மிகுந்து, தேய்ந்த கைடுகளின் இடைவெளி வழியே வால்வுகளைத் தாங்கும் சிலிண்டர் ஹெட்டின் மேலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. சமவெளியில் எளிதில் தெரியாத இக்குறை மலைநாட்டில் மறைவதில்லை.

பெரியப்பா விட்டுச்சென்ற 948 சிசி மொரிஸ் மைனரில் கண்டதும் இதுவே. வார்ப்பிரும்பு ஹெட்டைக் கழற்றி, வால்வைச் சற்றே தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தபோது, அதன் தலை கையில் படும்படியாகவே அசைந்தது. புது நிலையில் வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் இடையே இன்லெட்டில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றரை முதல் இரண்டரை பங்கும், அதிகச் சூடு காணும் எக்ஸாஸ்டில் இரண்டு முதல் மூன்று பங்கும் மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும்.

பழைய கைடுகளை மேலிருந்து கீழாக, எரியறையை நோக்கியே தட்டி எடுக்க வேண்டும். வாயு செல்லும் வழியான போர்ட்டுக்குள் நீண்டிருக்கும் முனையில் கரி இறுகியிருக்கும். அதை மேல்நோக்கி இழுத்தால் கைடு அமரும் துளை முழுவதும் கீறல் விழும்.

புதியவற்றைப் பொருத்த ஹெட்டைப் பேக்கரிப் போறணையில் சூடாக்கினால் போதும், கைடு தானாக இறங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். அலுமினிய ஹெட்டுக்கு அது நல்ல வழிதான். வார்ப்பிரும்பிலோ, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் துளை நூறு பாகை சூடேறினாலும் 0.013 மில்லிமீட்டர்தான் விரியும். இறுக்கப் பொருத்தத்துக்கு வைத்திருக்கும் அளவு பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் என்பதால், சூட்டை நம்புவதைவிடத் துளையையும் கைடையும் மைக்ரோமீட்டரால் அளந்து, எண்ணெய் தடவி, படிவைத்துக் கடைந்த டிரிஃப்ட் என்னும் உலோகக் கம்பியைக் கொண்டு பிரஸ்ஸில் நேராக இறக்குவதே என் விருப்பம். அந்த டிரிஃப்டை ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். இன்லெட் கைடின் பெரிய சரிவு விளிம்பு மேலேயும், எக்ஸாஸ்ட் கைடின் அகலக் குடையப்பட்ட முனை கீழேயும் வர வேண்டும். ஸ்பிரிங் அமரும் தளத்துக்கு மேல் 19/32 அங்குலம், அதாவது 15.1 மில்லிமீட்டர், நீண்டிருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

இறுக்கமாக இறங்கிய கைடின் உட்துளை சற்றுச் சுருங்கியிருக்கும். வால்வைச் செருகிப் பார்த்துத் தேவையான இடங்களில் மட்டும், துளையை அளவாகச் சீவும் ரீமரைச் செலுத்தினேன். ரீமரை வெளியே எடுக்கும்போதும் முன்பக்கமாகவே சுற்ற வேண்டும். பின்னால் திருப்பினால் வெட்டும் விளிம்பு மழுங்கிப்போகும்.

பலர் வேலை இத்துடன் முடிந்ததென்று வால்வுகளைப் பூட்டிவிடுகிறார்கள். அது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. புதுக் கைடின் அச்சு பழையதன் அச்சிலிருந்து மயிரிழையாவது விலகியிருக்கும். வால்வு அமர்ந்து மூடும் வளையமான பழைய சீட்டோ பழைய அச்சுக்கு ஏற்பத் தேய்ந்தது. சீட்டில் நீலச்சாயம் பூசி வால்வை மெல்ல அழுத்தி எடுத்தபோது, அதன் முகத்தில் முழு வளையத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் சாயம் ஒட்டியிருந்தது. அந்நிலையில் கிரைண்டிங் பேஸ்டைப் போட்டு எவ்வளவு நேரம் தேய்த்தாலும் வால்வுதான் பள்ளமாகும். ஆகவே கைடுக்குள் பைலட் என்னும் வழிகாட்டித் தண்டைச் செருகி, அதையே மையமாகக் கொண்டு 45 பாகை கட்டரால் சீட்டைப் புதிதாக வெட்டினேன். சாயம் முழு வளையமாகப் பதிந்த பின்னரே பேஸ்டைத் தொட்டேன்.

பேஸ்டின் துகள் கைடுக்குள் தங்கினால் புதுக் கைடும் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு துளையையும் மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துடைத்து, தண்டுகளுக்கு எண்ணெய் பூசி வால்வுகளைப் பூட்டினேன்.