ஜாமீன் கிடைத்தும் உள்ளே

"ஜாமீன் குடுத்துட்டாங்க கண்ணு. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்ல."

கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் இன்று ஒரு அம்மா சொன்னது. கையில் மஞ்சப்பை. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், யாரோ சொந்தக்காரரின் வீட்டு வரி ரசீது. ரசீது பழசு, செல்லாது என்று திருப்பி விட்டார்களாம்.

மகன் மேல் செல்போன் திருட்டு வழக்கு. விசாரணையே தொடங்கவில்லை.

குற்றம் நிரூபணமானால் தண்டனை கொடுக்கட்டும், நியாயம். சொத்துள்ள சொந்தம் இல்லை என்பதற்காக உள்ளே கிடக்கிறானே, இது எந்தக் குற்றத்துக்கான தண்டனை?

மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். உடன்பிறந்தவர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் என்று மறுத்துவிட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாகக் குறைத்தார். அதாவது வேறு ஆள் கையெழுத்து வேண்டாம், அவரே எழுதிக் கொடுத்தால் போதும்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

இது அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கோபமாக வருகிறது.

தெரிந்தவர்கள் யாராவது இப்படிச் சிக்கியிருந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். சிறையில் இருப்பவருக்கு அங்கே வக்கீல் இலவசம்.