லேஞ்சியில் ஒட்டிய கறுப்பு

மத்தியானம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டு வாசலில் நின்று லேஞ்சியால் முகத்தைத் துடைத்தேன்.

கறுப்பு. மூக்கைத் துடைத்த இடம் மட்டும் மை தொட்டதுபோல.

அம்மா எட்டிப் பார்த்தார். “கொரோனா நேரம் உந்தக் கறுப்பு இருக்கேல்லையடா தம்பி.”

எப்படி இருக்கும்? அப்போது நான் படலையையே தாண்டவில்லை!

ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள். அப்புறம் கொஞ்ச நாளில் வேலிச் செவ்வரத்தை இலைகள் கழுவி வைத்ததுபோல இருந்தன.

வாகனப் புகையில் வரும் நைதரசன் ஈரொட்சைட்டு காற்றில் அதிக நேரம் நிற்காது. வாகனங்கள் நின்றால் கெதியாகக் குறையும். சீனாவிலும் இத்தாலியிலும் அது குறைந்ததைச் செய்மதிகளே காட்டின. இந்தியாவில், பஞ்சாபின் ஜலந்தர்க்காரருக்கு வீட்டு மாடியிலிருந்தே இமயமலைத் தொடர் தெரிந்தது.

நுண்துகள் அவ்வளவு லேசில் அடங்கவில்லை. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூள். விறகடுப்பிலும் வரும், குப்பை எரித்தாலும் வரும். ஊரடங்குக்குள்ளும் எங்கள் ஒழுங்கையில் பின்னேரக் குப்பை நெருப்பு ஒருநாளும் தவறியதில்லை. மார்கழிக் காற்று வேறு கடல் தாண்டிப் புகையைக் கொண்டுவரும். 2022 டிசம்பரில் யாழ்ப்பாணமே மங்கிக் கிடந்தது.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன்.

“சரி சரி, முகத்தைக் கழுவிப்போட்டு வா, சோறு ஆறுது” என்றபடி கொல்லைப்பக்கம் போனார்.

காலையில் கூட்டிக் குவித்த மாவிலைச் சருகு அங்கே. கையில் நெருப்புப்பெட்டி.