அக்கா வீட்டு லேசரும் என் முழங்காலும்

ஷேவ் பண்ணிப் பண்ணி அலுத்துப்போனவள் நான். இன்று ரேசர் போட்டால் நாளை சாயங்காலமே கால் சொரசொரவென்று ஆகி, போர்வைக்குள் ஒரு காலோடு இன்னொரு கால் உரசும்போது எனக்கே கூசும். வாக்ஸிங் பண்ணினால் இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் பாதி முடி வெளியே வராமல் தோலுக்கடியிலேயே சுருண்டு சின்னச் சின்னக் கட்டியாக நிற்கும், அதை நான் சும்மா விடுவேனா, நோண்டி நோண்டி அந்த இடத்தையெல்லாம் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன். முடியை வேரோடு பிடுங்குகிற எபிலேட்டர் மெஷினைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதைக் கண்டுபிடித்தவருக்குக் காலே இருந்திருக்காது என்பது என் கருத்து.

அதனால், போன வருடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அலமாரியின் அடித்தட்டில் பெட்டியோடு கிடந்த அந்த மெஷின் கண்ணில் பட்டதும் விடவில்லை.

"இது என்னக்கா?"

"லேசர்டி. முடி எடுக்குறது. வாங்கி ஆறு மாசமாச்சு, என் மேல ஒரு தடவைகூட அடிக்க மாட்டேங்குது. நீ வேணா எடுத்துட்டுப் போ. எரிஞ்சா என்னைக் கேக்காதே."

வீட்டுக்கு வந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். என் வாழ்க்கையில் முழுசாகப் படித்த ஒரே கையேடு அதுதான். படித்ததில் முதல் அதிர்ச்சி, அது லேசரே இல்லை. எல்லாரும் வாய்க்கு வந்தபடி லேசர் என்று சொல்கிறோம், ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வருகிற மெஷின்களில் பெரும்பாலானவை ஐபிஎல், அதாவது இன்டென்ஸ் பல்ஸ்டு லைட் (கிரிக்கெட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). உள்ளே இருப்பது ஒரு செனான் ஃபிளாஷ் விளக்கு, கேமரா ஃபிளாஷுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் என்றால் ஒரே ஒரு அலைநீளத்தில், அதாவது ஒரே நிறத்தில், ஒளி வரும்: கிளினிக்கில் வைத்திருக்கும் அலெக்ஸாண்ட்ரைட் லேசருக்கு 755 நானோமீட்டர், டயோடுக்கு 810-ஐ ஒட்டி, என்டி-யாக் என்பதற்கு 1064. ஐபிஎல்லில் அப்படி இல்லை, ஏறக்குறைய 500 முதல் 1200 வரை எல்லாமே கலந்து கொட்டும், அதற்குக் கீழே இருப்பதை மட்டும் ஒரு வடிகட்டி வைத்து வெட்டியிருப்பார்கள். நிஜமான டயோடு லேசரை வைத்தே வருகிற வீட்டு மெஷினும் உண்டு, ஆனால் அதன் வாய் விரல்நுனி அளவுதான் இருக்கும், இரண்டு காலையும் முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும், வலியும் கூடுதல்.

வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். முடியில் இருக்கும் மெலனின், அதாவது கறுப்பைக் கொடுக்கும் நிறமி, ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு பக்கத்தில் பரவி, புது முடியை முளைக்க வைக்கிற செல்களைக் கெடுக்கிறது. ஒளியைச் சரியான நிறத்தில், சரியான அளவு குறுகிய நேரத்துக்குக் கொடுத்தால் வேண்டிய இடம் மட்டும் வெந்து சுற்றுப்புறம் தப்பித்துவிடும் என்ற யோசனையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு பேர் 1983-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. மெஷினுக்கு முடியும் தெரியாது, தோலும் தெரியாது. கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சூடு போய் உட்காரும். தோல் வெளுப்பாகவும் முடி கறுப்பாகவும் இருந்தால் கொண்டாட்டம். நரைத்த முடி, செம்பட்டை முடி, பூனைமுடி என்றால் எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது, உறிஞ்ச அங்கே சரக்கு இல்லை. தோல் நல்ல கறுப்பு என்றால் முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டு புண்ணாகிவிடும்.

அக்காவின் பிரச்சினை இப்போது புரிந்திருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் வெளுப்பிலிருந்து கறுப்புவரை ஆறு கட்டமாக ஒரு தோல் நிற அட்டவணை அச்சடித்திருந்தது, ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் டாக்டர் 1975-ல் ஆரம்பித்து வைத்த வகைப்பாட்டின் வழி வந்தது. இந்த மெஷின்கள் பெரும்பாலும் நான்காவது கட்டத்தோடு நின்றுவிடும், சிலது ஐந்துவரை போகும், ஆறுக்கு எதுவும் போகக்கூடாது. மெஷினின் வாயில் இருக்கும் சென்சார், வைத்த இடத்தின் நிறத்தைப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அக்கா என்னைவிட ஒரு பிடி கறுப்பு. அவ்வளவுதான் விஷயம். ஆறு மாதமாக மெஷின் ரிப்பேர் என்றே நினைத்திருந்தாள் பாவம்.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது, முழங்கைக்குக் கீழே வைத்தால் சிவப்பு விளக்கு, காலில் வைத்தால் வெள்ளை, அதாவது அடிக்கலாம். வெயில் படும் கை ஒரு நிறம், துணிக்குள்ளேயே இருக்கும் கால் இன்னொரு நிறம் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் ஒரு மெஷின் முகத்துக்கு நேரே சொல்லும்போது கொஞ்சம் சுருக்கென்றது. கையை விட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே, அக்குள், அவ்வளவுதான் என் பிரதேசம் என்று முடிவாயிற்று.

முதல் நாள். அடிப்பதற்கு முன்பு ஷேவ் பண்ணியே ஆக வேண்டும், வாக்ஸ், எபிலேட்டர், த்ரெட்டிங் எதுவும் கூடாது, ஏனென்றால் வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியை உறிஞ்சிக் கீழே சூடாக அங்கே எதுவும் இருக்காது. இதைப் படித்த பிறகும் எனக்குச் சோம்பல், முந்தாநாள்தானே ஷேவ் பண்ணினோம் என்று அப்படியே வைத்து அழுத்தினேன். டப். கண்ணை மூடியிருந்தும் இமை வழியாக ஆரஞ்சாக ஒரு வெளிச்சம். அடுத்த நொடி கருகிய முடி நாற்றம், கோழி வாட்டுகிற மாதிரி. ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல ஒரு சுளீர் வேறு. மெஷினைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடியில் பொடிப்பொடியாகக் கறுப்பு ஒட்டியிருந்தது. தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மிச்சமெல்லாம் எரிந்து, அந்தச் சூடு உள்ளே போகாமல் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. எழுந்து போய் ஒழுங்காக ஷேவ் பண்ணி, காலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்து மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை நாற்றமும் இல்லை, வலியும் இல்லை, ஒரு இளஞ்சூடு, அவ்வளவுதான். ஒளியின் சக்திக்கு இருக்கும் ஐந்து அளவுகளில் மூன்றில் வைத்துத்தான் அடித்தேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடச் சொல்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

இரண்டு காலுக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கட்டம் வை, டப், நகர்த்து, விசிறி சுழலும் சத்தம், மறுபடி டப். இதைவிடச் சலிப்பான வேலை நான் செய்ததில்லை, பட்டாணி உரிப்பதுகூட இதற்குப் பரவாயில்லை.

மறுநாள் எழுந்து பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை. முடி வழக்கம்போல வளர்ந்தது. பத்தாவது நாள் வாக்கில் குளிக்கும்போது காலைத் தேய்த்தால் சில முடி கையோடு வந்தது, இழுக்காமலே, வேரில் பிடிப்பே இல்லாதது மாதிரி. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் மூன்றாவது வாரம் புது முடி வந்துவிட்டது, அக்காவுக்கு போன் பண்ணித் திட்டினேன். தப்பு அவள் மேலும் இல்லை, மெஷின் மேலும் இல்லை. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. கொஞ்சம் வளர்ந்துகொண்டிருக்கும், கொஞ்சம் உதிரத் தயாராக இருக்கும், மீதி தூங்கிக்கொண்டிருக்கும். வளர்கிற கட்டத்தில் இருப்பது மட்டும்தான் இந்த அடிக்கு மசியும், காலில் எப்போதுமே தூங்குகிற கூட்டம் அதிகம். அவை ஒவ்வொன்றாக எழுந்து வரவர அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீதம் முதல் இரண்டு மூன்று மாதம், அப்புறம் இடைவெளி கூட்டிக்கொள்ளலாம். இடையில் ஷேவ் பண்ணலாம், பிடுங்க மட்டும் கூடாது.

மூன்றாவது மாதம் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோதுதான் ஒரு கூத்து தெரிந்தது. கெண்டைக்கால் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, முடி ஒரு கோடாக வளர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வழவழ, நடுவில் மட்டும் ஒரு கோடு, அறுத்த வயலில் வரப்போரம் விட்டுப்போன கதிர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு கண்ணுக்குத் தீட்டுகிற வெள்ளைப் பென்சிலால் காலில் கட்டம் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். கறுப்புப் பென்சில் எடுத்துவிடாதீர்கள், மேலே சொன்னதுதான், கறுப்பு என்றால் சூடு அங்கே உட்காரும்.

இது தெரிந்தும் நான் சூடுபட்டேன் என்பதுதான் கதையில் கேவலமான இடம். வலது கணுக்காலுக்கு மேலே எனக்கு ஒரு பழைய தழும்பு, சின்ன வயதில் சைக்கிளில் விழுந்தது, மிளகு அளவுக்குக் கறுப்பாக இருக்கும். மச்சம், தழும்பு, பச்சை குத்திய இடம் இவற்றின் மேல் அடிக்கவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்தது, நானும் படித்தேன், முதல் நான்கு தடவை கவனமாக ஒதுக்கியும் விட்டேன். ஐந்தாவது தடவை டிவி பார்த்துக்கொண்டே அடித்தேன், அளவும் ஐந்தில் இருந்தது. சென்சார் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். அது ஓரிடத்தில் பார்க்கும், வாய்க்குள் மூலையில் அகப்பட்ட மிளகை அதற்குத் தெரியாது. ஊசி குத்தியது போல ஒரு சுருக், கத்திவிட்டேன். ராத்திரியே நீர்கோத்துக் கொப்புளம். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, அது விட்டுப்போன கறுப்பு வட்டம் போக நாலு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் வெள்ளை ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் மெஷினைக் கையில் எடுப்பேன்.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பதற்கு முன்பும் பின்பும் சில வாரம் அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், படும் என்றால் சன்ஸ்கிரீன். டாக்ஸிசைக்ளின் மாதிரி ஒளிக்குத் தோலைக் கூசவைக்கும் மாத்திரை, பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இதெல்லாம் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் வேண்டாம். கண் பக்கம் போகவே கூடாது.

முகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன். தாடை, கழுத்துப் பக்கம் மெல்லிய முடி இருக்கும் சிலருக்கு ஒளி பட்டதும் குறைவதற்குப் பதிலாகக் கூடுதலாக, தடிப்பாக வளர ஆரம்பிப்பதுண்டு, மாநிறமும் கறுப்பு முடியும் உள்ளவர்களிடம் இது கூடுதலாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. தவிர, தாடையில் திடீரென்று முரட்டு முடி வருகிறது, மாதவிடாயும் ஒழுங்காக இல்லை என்றால் அது பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஹார்மோன் உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே களை பிடுங்கி என்ன பிரயோஜனம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

பத்து மாதம் ஆகிறது. அக்குளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலில் பாதிக்கு மேல் போய்விட்டது, வருவதும் மெலிந்து வருகிறது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரேசர் எடுத்தால் போதும். தோலுக்கடியில் சுருளும் முடி அடியோடு நின்றுவிட்டது, எனக்கு இது ஒன்றே போதும். முழங்கால் முட்டியில் மட்டும் வெற்றி இல்லை. அங்கே தோல் கறுப்பு, வளைவு வேறு, மெஷினின் வாய் முழுசாக உட்கார மாட்டேன் என்கிறது, உட்காராவிட்டால் அது அடிக்காது. எப்போதைக்குமாகப் போய்விடுமா என்றால், இல்லை. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏகூட லேசர் விஷயத்தில் நிரந்தரமாகக் 'குறைப்பது' என்ற வார்த்தையோடுதான் நிற்கிறது, நிரந்தரமாக 'நீக்குவது' என்று சொல்வதில்லை. அது கிளினிக் லேசருக்கே. வீட்டு மெஷினின் சக்தி அதில் ஒரு பங்குதான், நான் இரண்டு மாதம் சும்மா இருந்து பார்த்தேன், மெதுவாகத் திரும்பி வர ஆரம்பித்தது. இப்போது மாதம் ஒரு தடவை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, எனக்குன்னு வாங்குனதுடி அது" என்றாள். கறுப்புத் தோலுக்கு என்டி-யாக் லேசர்தான் சரி, அதன் ஒளி மேல்தோல் மெலனினில் அவ்வளவாகச் சிக்காமல் ஆழமாக இறங்கும், ஆனால் அதற்குத் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள். சொன்னதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை. மெஷினை எடுத்துக் கையில் வைத்தாள், சிவப்பு. காலில் வைத்தாள், சிவப்பு. கடைசியில் மேற்கையின் உள்பக்கம், வெயிலே படாத இடத்தில் வைத்து அழுத்தினாள். டப்.

"அடிச்சிருச்சுடி!" என்று கத்தினாள்.

"அங்க முடியே இல்லையேக்கா."

"அதுக்கென்ன" என்று இன்னொரு தடவை அடித்துக்கொண்டாள்.