விலாசம் சொன்ன அப்பாயி

1993இல் வேதாரண்யத்தில் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பையில் மிஞ்சிய கடிதங்களை என்ன செய்வதென்று தெரியாமல் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். சிங்கப்பூரில் இருந்து வந்த ஓர் உறையில் ஒரு பெயரும், ‘பெரிய புளியமரத்துப் பக்கம்’ என்பதும் மட்டும்தான் விலாசம். ஊரில் புளியமரத்துக்கா பஞ்சம்?

“யாருக்கு வந்திருக்கு, படி பாப்போம்.”

பூக்கூடைக்குப் பின்னால் இருந்து வந்த குரல், பூ விற்கும் அப்பாயியுடையது. படித்தேன். “அவன் இப்ப அங்க இல்ல தம்பி. பொண்ணு எடுத்த ஊருக்கே போயிட்டான், கருப்பம்புலம். அவன் ஆத்தா மட்டும் வண்ணாங்குளத்துக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு. மத்தியானம் போனா இருக்கும்.” சொல்லிக்கொண்டே முல்லை மொட்டுகளை நாரில் வைத்து முடிந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. மத்தியானம் போனேன். அம்மா இருந்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தெரு வாரியாகக் கடிதங்களை அடுக்கும்போதே விலாசம் சரியில்லாதவற்றைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைப்பேன். ‘அப்பாயிக் கட்டு’ என்று அதற்குப் பெயர். அவருக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் யார் பிறந்தார், எந்தப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், தோப்புத்துறையில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் விரல் நுனியில். அவர் இல்லையென்றால் அந்தக் கடிதங்களில் பாதி ‘போதிய விலாசம் இல்லை’ என்று திரும்பிப் போயிருக்கும். நல்ல தபால்காரன் என்று நான் வாங்கிய பெயரில் அவருக்கும் பங்கு உண்டு. இதை வேலையில் இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லை.

தன்னைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார். அங்கங்கே விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்ததில் இருந்து அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரையேற்றுவது. ஐப்பசி மழை தொடங்கினால் அதுவும் கிடையாது. 52ஆம் வருடப் புயலில் புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. முழங்கால் மடங்காமல் போன பிறகு உப்பை விட்டுப் பூவுக்கு வந்தார். ‘மல்லிப்பூ என்ன விலை’ என்று கேட்கும் வெளியூர்க்காரர்களுக்கு விலை சொல்ல மாட்டார். “இது முல்லை” என்பதோடு சரி.

முதியோர் உதவித்தொகை அப்போது மணியார்டராக வரும். எழுதத் தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும். அப்பாயிக்குச் சாட்சி எப்போதும் டீக்கடைக்காரர். ரேகை என்றுதான் பெயர், பாரத்தில் விழுவது வெறும் நீலத் திட்டு. உப்பு தின்ற விரலில் கோடு எங்கே இருக்கும்?

உதவித்தொகை கொடுக்கப் போகும் இடத்தில் கை நீட்டுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு, மறைப்பதற்கில்லை. நான் வாங்கமாட்டேன் என்று தெரிந்துகொண்ட அப்பாயி ஒரு முழம் பூவை வாழையிலையில் சுற்றி, “உனக்கில்ல, வீட்டுக்கு” என்று சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

2011இல் தொகை ஆயிரம் ரூபாய் ஆனது. அப்புறம் அது வங்கி வழியாகப் போனது. மணியார்டர் நின்றது. கடிதங்களும் குறைந்து, பையில் வங்கி உறைகளும் நோட்டீசுகளும்தான் மிஞ்சின. அவற்றில் விலாசம் சுத்தமாக அச்சடித்திருக்கும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. கோயில் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனால் அன்றைய தபால் சுற்று முடிந்த மாதிரி இருக்காது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தபால் மறுபடி ஓடத் தொடங்கியதும் முதலில் அவரைப் போய்ப் பார்த்தேன். ஓடு போன வீட்டின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரமெல்லாம் போயிட்டே தம்பி. இனிமே எதை வச்சு நான் அடையாளம் சொல்றது?”

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் எனக்கு அவர் தெருப் பெயர் ஒன்றுகூடச் சொன்னதில்லை. வேப்பமரத்து வீடு, இரட்டைத் தென்னைக்கு எதிர், புன்னை மரத்தடி. அவருடைய ஊரே மரங்களால் ஆனது.

மறு வருடம் சித்திரையில் இறந்தார். தெருவே கூடியிருந்தது. அதில் பாதிப் பேருக்கு நான் கடிதம் கொடுத்திருக்கிறேன், அவர் சொன்ன அடையாளத்தில். இறப்பைப் பதிவதற்கான பாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டு, “வயசு என்ன போட?” என்று கேட்டார். ஒருவர் எண்பது என்றார், இன்னொருவர் நூறு என்றார்.

அப்பாயி ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்பு யாத்திரை திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடக்கூடாது, இடம் கொடுக்கக்கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தடை போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். “எங்க ஆத்தா கட்டுனப்ப நான் இடுப்புல இருந்தனாம்.”

“தொண்ணூறு போடுங்க” என்றேன்.

போட்டார். பிறகு அடுத்த கட்டத்தைக் காட்டி, “கதவு எண்?” என்றார்.

மாதம் தவறாமல் மணியார்டர் கொண்டு போன வீடு. எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய், நிலைப்படியில் பாதி அழிந்திருந்த பெயிண்ட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.