தரங்கம்பாடி வீடு

ஆளுக்கொரு முதுகுப்பையோடு புதுச்சேரியில் கிளம்பினோம். கடலூர் வெள்ளிக் கடற்கரை, பிச்சாவரம், பூம்புகார் என்று பஸ் மாறி மாறி, ஐந்தாம் நாள் தரங்கம்பாடி. பத்து வயது வரை நான் வளர்ந்த ஊர்.

இவருக்கு முதலில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் காட்டினேன். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் என்றோ கொண்டுபோய்விட்டது. மிச்சமாவது நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் எங்கள் பழைய வாடகை வீடு. வாசலில் தயங்கி நின்றேன்.

"யாரும்மா வேணும்?"

சொன்னேன். "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று கூட்டிப்போனார் அந்த அம்மா.

கூடத்து உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் இரண்டும் அப்படியே இருந்தன. மத்தியானத்தில் அப்பா அந்த ஊஞ்சலில் படுத்திருப்பார், நான் ஆட்டிவிடுவேன். அப்பா போய் ஆறு வருஷம். கொக்கியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இவர் ஒன்றும் பேசவில்லை, என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா மோர் கொடுத்தார். கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகம் கழுவினேன். தண்ணீர் இப்பவும் லேசாக உப்புக் கரிக்கிறது.

ராத்திரி தங்கிய அறையில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். அதே அலைச் சத்தம்.